புதிய டொமைன் எக்ஸ்டென்ஷன்களில் பணம் போடலாமா? சேலத்துக்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஏற்காட்டில் ஹோம்ஸ்டே நடத்துபவர், செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு வியாபாரம் பார்ப்பவர், ஐந்து ரோடு பக்கம் டிஜிட்டல் மார்க்கெட்டிங் ஆபீஸ் போட்டிருக்கும் இளைஞர் என எல்லோர் போனிலும் இப்போது ஒரே மாதிரி விளம்பரம்: 99 ரூபாய்க்கு டொமைன், அதாவது வெப்சைட்டின் முகவரிப் பெயர். டாட் காமில் எப்போதோ போய்விட்ட நல்ல பெயர், டாட் ஸ்டோரிலோ டாட் ஆன்லைனிலோ காலியாக இருக்கிறது. இப்படிப் புள்ளிக்குப் பின்னால் வரும் பகுதிதான் எக்ஸ்டென்ஷன். வாங்கி வைத்தால் நாளைக்கு லட்சத்துக்கு விற்கலாம் என்று ஏதோ ஒரு யூடியூப் வீடியோவும் சொல்கிறது.

விற்கலாம்தான். விற்றவர்கள் உண்டு. ஆனால் லாபமா நஷ்டமா என்பதை அந்த 99 ரூபாய் தீர்மானிப்பதில்லை, இரண்டாம் ஆண்டு வரும் ரெனியூவல் பில்தான் தீர்மானிக்கிறது. சின்ன வியாபாரிகளுக்கு வெப்சைட் செய்துகொடுக்கும் வேலையில் இருப்பதால், பெயரை விற்க நினைப்பவரையும் பார்க்கிறேன், அதைக் காசு கொடுத்து வாங்க வேண்டியவரையும் பார்க்கிறேன். இருவருக்கும் நடுவில் எவ்வளவு தூரம் இருக்கிறது என்பதை முதல் பைசா போடும் முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

விலையை யார் வைக்கிறார்கள்?

டொமைன் பெயர் யாருக்கும் சொந்தமாவதில்லை. ஆண்டுக்கு ஆண்டு கட்டணம் கட்டிப் புதுப்பித்துக்கொள்ளும் உரிமைதான் கிடைக்கிறது. உச்சியில், உலகம் முழுக்க டொமைன் பெயர்களை ஒருங்கிணைக்கும் ஐகேன் அமைப்பு. அதற்குக் கீழே ஒவ்வொரு எக்ஸ்டென்ஷனையும் நடத்தும் ரெஜிஸ்ட்ரி. அதற்கும் கீழே நமக்கு விற்கும் கடைக்காரர், அதாவது ரெஜிஸ்ட்ரார். டாட் காமின் ரெஜிஸ்ட்ரி வெரிசைன். டாட் ஆன்லைன், டாட் ஸ்டோர், டாட் டெக் போன்றவை ராடிக்ஸ் கையில். டாட் ஆப், டாட் டெவ் இரண்டும் கூகுள் கையில்.

ஐகேன் 2011 ஜூனில் புதிய எக்ஸ்டென்ஷன்களுக்குக் கதவைத் திறந்தது. 2012ல் 1,930 விண்ணப்பங்கள் வந்தன. ஒரு விண்ணப்பத்துக்கே 1,85,000 டாலர் கட்டணம். 2013 அக்டோபரில் முதல் நான்கு எக்ஸ்டென்ஷன்கள் வந்தன. ஒன்றுகூட ஆங்கிலம் இல்லை, அரபி, ரஷ்யன், சீன எழுத்துகள்தான். அதன் பிறகு வந்தவை 1,200க்கும் மேல். டாட் காமில் மட்டும் பதினைந்து கோடிக்கு மேல் பெயர்கள் இருக்கின்றன. புதியவை அத்தனையும் சேர்த்தால் மூன்று கோடியைத் தாண்டும்.

இதில் பலருக்குக் குழப்பம் தரும் ஒரு விஷயம்: டாட் ஏஐ, டாட் ஐஓ இரண்டும் இந்தக் கணக்கில் சேராது. இரண்டு எழுத்தில் முடிபவை எல்லாம் நாடுகளுக்கும் ஆட்சிப்பகுதிகளுக்கும் உரியவை. டாட் ஏஐ, கரீபியன் கடலில் இருக்கும் அங்குவில்லா தீவினுடையது. டாட் இன் நம்முடையது. இவற்றின் விதிகளை அந்தந்த இடமே வைத்துக்கொள்ளும்.

முதலீட்டாளர் கவனிக்க வேண்டிய வேறுபாடு விலையில் இருக்கிறது. ரெஜிஸ்ட்ரார்களிடம் வாங்கும் டாட் காமின் மொத்த வியாபார விலையை வெரிசைன் இஷ்டத்துக்கு ஏற்ற முடியாது. அமெரிக்க வணிகத் துறையோடு போட்ட ஒப்பந்தத்தில் உச்சவரம்பு உண்டு. 2024 செப்டம்பரில் அது 10.26 டாலர் ஆனது. புதிய எக்ஸ்டென்ஷன்களுக்கு அப்படி ஒரு வரம்பே கிடையாது. 2017ல் யூனிரெஜிஸ்ட்ரி என்ற நிறுவனம் தன் கையில் இருந்த டாட் ஹோஸ்டிங் உள்ளிட்ட சிலவற்றின் விலையைப் பல மடங்கு ஏற்றியபோது, கட்டுக்கட்டாகப் பெயர் வாங்கி வைத்திருந்தவர்கள் தலையில் கை வைத்தார்கள்.

பாதுகாப்பு என்று இருப்பது ஒன்றுதான். ரெனியூவல் விலையை ஏற்றுவதற்கு 180 நாட்களுக்கு முன்பே ரெஜிஸ்ட்ரி தன் ரெஜிஸ்ட்ரார்களுக்குச் சொல்லிவிட வேண்டும். அந்த இடைவெளியில் பழைய விலையிலேயே மொத்தம் பத்து ஆண்டுகள் வரை நீட்டித்துக்கொள்ளலாம். ஆனால் கடைக்காரர் தன் லாபத்தைக் கூட்டி விலை ஏற்றினால் இந்த விதி உதவாது. அப்போது வேறு ரெஜிஸ்ட்ராருக்கு மாற்றிக்கொள்வதுதான் வழி.

ஆதாயம் எங்கே இருக்கிறது?

புள்ளிக்கு இடது பக்கமும் வலது பக்கமும் சேர்ந்து ஒரே சொற்றொடராக வரும் பெயர்களுக்கு நல்ல விலை கிடைத்திருக்கிறது. வெக்கேஷன் டாட் ரென்டல்ஸ் 2018ல் 5,00,300 டாலருக்கு விற்றது. வாங்கியவர் அதே தொழிலில் இருந்தவர், பயன்படுத்தவே வாங்கினார். ஆன்லைன் டாட் கேசினோவும் 2020ல் ஐந்து லட்சம் டாலரைத் தாண்டியது. ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று: வாய்ஸ் டாட் காம் 2019ல் மூன்று கோடி டாலருக்குப் போனது. புதியவற்றின் உச்சமே டாட் காமின் நடுத்தர வரிசையில்தான் நிற்கிறது என்பது இந்த எண்களிலேயே தெரியும்.

பெரிய நிறுவனம் ஒன்று ஒரு எக்ஸ்டென்ஷனைத் தொட்டால் மொத்த எக்ஸ்டென்ஷனுக்கும் மதிப்பு கூடும். கூகுளின் தாய் நிறுவனமான ஆல்ஃபபெட் 2015 ஆகஸ்டில் ஏபிசி டாட் எக்ஸ்ஒய்இசட் என்ற முகவரியோடு வந்ததும் டாட் எக்ஸ்ஒய்இசட் பக்கம் எல்லோர் பார்வையும் திரும்பியது. செயற்கை நுண்ணறிவு அலையில் டாட் ஏஐ விற்ற விற்பனையில், 2023ல் அங்குவில்லா அரசின் வருவாயில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் டொமைன் கட்டணமாகவே வந்தது. ஏறக்குறைய 3.2 கோடி டாலர். இந்த அலையில் முன்கூட்டியே ஏறியவர்கள் சம்பாதித்தார்கள். செய்தியில் படித்துவிட்டு ஏறியவர்கள் ரெனியூவல் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். டாட் ஏஐயில் குறைந்தது இரண்டு ஆண்டுக்கு ஒரே தடவையாகக் கட்ட வேண்டும் என்பதும் சேர்த்துக்கொள்ள வேண்டிய கணக்கு.

எங்கே அடி விழும்?

ரெனியூவலைச் சொல்லிவிட்டேன். அதற்கு அடுத்த பெரிய அபாயத்தை யாரும் பேசுவதில்லை: மாற்று ஏராளம். ஏற்காடு காப்பி விற்பவருக்காக டாட் காஃபியில் ஏற்காடு என்ற பெயரை வாங்கி வைத்துவிட்டு ஐம்பதாயிரம் கேட்கிறீர்கள் என்று வையுங்கள். அவர் பெயரோடு ஒரு சொல்லைச் சேர்த்து டாட் காமிலோ டாட் இன்னிலோ ஆயிரம் ரூபாய் அளவில் முடித்துக்கொள்வார். அதுவும் இல்லை என்றால் டாட் ஷாப், டாட் ஸ்டோர், டாட் ஃபார்ம் என்று வரிசையாக நிற்கின்றன. ஆயிரத்துக்கும் மேற்பட்ட எக்ஸ்டென்ஷன்கள் வந்ததால்தான் உங்களுக்கு அந்தப் பெயர் சல்லிசாகக் கிடைத்தது. அதே காரணத்தால்தான் வாங்குபவருக்கும் உங்களிடம் வரவேண்டிய அவசியம் இல்லாமல் போகிறது.

இன்னொன்று, நல்ல சரக்கு சந்தைக்கே வருவதில்லை. தொண்ணூறுகளில் டாட் காமில் முதலில் ஓடியவருக்கு நல்ல பெயர் சாதாரண விலைக்கே கிடைத்தது. புதிய எக்ஸ்டென்ஷன்களில் ரெஜிஸ்ட்ரியே சிறந்த சொற்களைப் பொறுக்கி எடுத்து பிரீமியம் என்று தனி விலை போட்டுவிடுகிறது. சாதாரண விலையில் காலியாகக் கிடக்கும் பெயர், அந்தத் தொழில் தெரிந்தவர்கள் பார்த்து ஒதுக்கியதாக இருக்க வாய்ப்பு அதிகம். பிரீமியத்தில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் முதல் முறை மட்டும் அதிக விலை. மற்றதில் ஒவ்வொரு ஆண்டும் அதே அதிக விலை. இரண்டாவது வகையைத் தொடவே வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். விற்றாலும் அந்தச் சுமை வாங்குபவர் தலையில் ஏறும் என்பதால் அவரும் பேரம் பேசிப் பாதியாக்குவார்.

மலிவாக விற்கும் எக்ஸ்டென்ஷன்களுக்கு இன்னொரு வியாதி: ஏமாற்றுக்காரர்களும் அங்கேயே வருவார்கள். போலித் தளம் காட்டிப் பாஸ்வேர்டு பறிக்கும் ஃபிஷிங் பற்றிய புகார்களைச் சரியாகக் கையாளவில்லை என்று டாட் டாப் ரெஜிஸ்ட்ரிக்கு 2024 ஜூலையில் ஐகேன் நோட்டீஸ் அனுப்பியது. அப்படிப்பட்ட எக்ஸ்டென்ஷனில் இருந்து போகும் மின்னஞ்சல் ஸ்பாம் பெட்டிக்குள் விழ வாய்ப்பு அதிகம். மின்னஞ்சலில் கொட்டேஷன் அனுப்பிப் பிழைக்கும் தொழிலுக்கு அது தினசரி நஷ்டம்.

ரெஜிஸ்ட்ரியே படுத்துவிடுவதும் நடந்திருக்கிறது. திருமணச் சந்தையை நம்பி வந்த டாட் வெட் 2017ல் அவசரகால நிர்வாகத்துக்குப் போனது. டாட் டிகே போன்ற இலவசப் பெயர்களை அள்ளிக் கொடுத்த ஃப்ரீனாம், மெட்டா தொடுத்த வழக்குக்குப் பிறகு 2024ல் அந்தத் தொழிலை விட்டே போய்விட்டது. டாட் ஐஓ, சாகோஸ் தீவுகள் அடங்கிய பிரிட்டிஷ் ஆட்சிப்பகுதிக்கு உரியது என்பதால் அதன் தலையெழுத்து அந்தத் தீவுகளின் அரசியலோடு கட்டப்பட்டிருக்கிறது. அந்தத் தீவுகளை மொரிஷியஸிடம் ஒப்படைக்கும் ஒப்பந்தத்தில் பிரிட்டன் 2025 மே மாதம் கையெழுத்திட்டது.

சரி, இதையெல்லாம் தெரிந்தும் இறங்குவதாக இருந்தால், இந்த வரிசையில் போங்கள்.

படி 1: ஐந்தாண்டுக் கணக்கைப் போடுங்கள்

காகிதம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு எக்ஸ்டென்ஷனில் முதல் ஆண்டு 200 ரூபாய், ரெனியூவல் 3,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஐம்பது பெயர் வாங்கினால் முதல் ஆண்டுச் செலவு 10,000 ரூபாய். இரண்டாம் ஆண்டிலிருந்து ஆண்டுக்கு 1,50,000 ரூபாய். ஒரு பெயரை ஐந்து ஆண்டு வைத்திருந்தால் மொத்தம் 12,200 ரூபாய்.

இந்தத் தொழிலில் இருப்பவர்கள் பேசும் கணக்குப்படி, நல்ல பெயர்களாகவே வைத்திருந்தாலும் ஆண்டுக்கு நூற்றில் ஒன்று இரண்டுதான் விற்கும். உங்கள் ஐம்பதில் ஆண்டுக்கு ஒன்று விற்கும் என்று தாராளமாகவே வைப்போம். விற்பனைத் தளம் இருபது சதவீதம் கமிஷன் எடுத்தால், அந்த ஒரு பெயர் 1,87,500 ரூபாய்க்குப் போனால்தான் அந்த ஆண்டு ரெனியூவல் கைக்கு வரும். லாபம் என்று ஒரு பைசாவும் இல்லை. இந்த விலை கொடுத்து அந்தப் பெயரை யார் வாங்குவார்கள் என்று உங்களால் சொல்ல முடியுமா? சேலம், நாமக்கல், ஈரோடு என்று மனதுக்குள் ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள்.

இதே ஐம்பது பெயர் டாட் காமில், ரெனியூவல் 1,200 ரூபாய் என்று வைத்தால் ஆண்டுக்கு 60,000. அதனால்தான் புதிதாக வருபவர்களுக்கு நான் சொல்வது: புதிய எக்ஸ்டென்ஷனில் ஐந்து பெயருக்கு மேல் ஆரம்பிக்காதீர்கள். அந்தப் பணம் முழுக்கப் போனாலும் வீட்டில் யாரும் எதுவும் கேட்காத தொகையாக இருக்கட்டும். நகையை அடகு வைத்து, கிரெடிட் கார்டில் இழுத்து இதில் இறங்குவது வேண்டவே வேண்டாம்.

படி 2: எக்ஸ்டென்ஷனைச் சலித்து எடுங்கள்

ஒரு எக்ஸ்டென்ஷனை நம்பலாமா என்று பார்க்க எளிய சோதனை: உங்களுக்குத் தெரிந்த, நிஜமாகவே நடக்கும் எத்தனை தொழில்கள் அதைப் போர்டிலும் விசிட்டிங் கார்டிலும் போட்டிருக்கின்றன? விற்பதற்காக நிறுத்தி வைத்த பக்கங்களை எண்ணக் கூடாது. பதிவு எண்ணிக்கையையும் நம்ப வேண்டாம். டாட் எக்ஸ்ஒய்இசட் 2014ல் வந்தபோது ஒரு ரெஜிஸ்ட்ரார் தன் வாடிக்கையாளர்களின் கணக்கில் அவர்கள் கேட்காமலே இலவசமாகப் போட்டுவிட்டதால்தான் ஆரம்ப எண்ணிக்கை அப்படி ஏறியது.

இரண்டாவதாக, விற்பனை வரலாறு. நேம்பயோ தளத்தில் எந்தப் பெயர் எப்போது எவ்வளவுக்குப் போனது என்று எக்ஸ்டென்ஷன் வாரியாகப் பார்க்கலாம். அங்கே பெரிய விற்பனைகள் அத்தனையும் ரெஜிஸ்ட்ரியே விற்ற பிரீமியம் பெயர்களாக இருந்தால், உங்களைப் போன்ற தனி ஆளுக்கு அங்கே சந்தை இல்லை என்று அர்த்தம்.

மூன்றாவது, நம்மூர்ப் பழக்கம். கொலுசு, நகை வியாபாரிகளை நினைத்து டாட் ஜுவல்லரி பக்கம் போகிறவர்கள் கவனிக்க: அந்த எக்ஸ்டென்ஷன் அமெரிக்க எழுத்துக்கூட்டலில் மட்டும்தான் இருக்கிறது. செவ்வாய்ப்பேட்டை போர்டுகளிலும் நம் வாடிக்கையாளர் விரலிலும் இருப்பது பிரிட்டிஷ் எழுத்துக்கூட்டல். தப்பாக அடித்தால் தளம் வராது. இந்த ஒரு காரணத்துக்காகவே உள்ளூர்க் கடைக்காரருக்கு அது உதவாது.

தமிழ் எழுத்திலேயே டாட் இந்தியா, டாட் இலங்கை, டாட் சிங்கப்பூர் மூன்றும் இருக்கின்றன. பார்க்க ஆசையாக இருக்கும். சொந்த அடையாளத்துக்கு வாங்கி வைக்கலாம், முதலீடாக எண்ண வேண்டாம். பல படிவங்களும் மின்னஞ்சல் சேவைகளும் இன்னும் தமிழ் முகவரியை ஏற்பதில்லை. சில இடங்களில் அது புரியாத ஆங்கில எழுத்துக் கோவையாக மாறித் தெரியும்.

கூகுளில் மேலே வர புதிய எக்ஸ்டென்ஷன் உதவும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எல்லா எக்ஸ்டென்ஷனையும் ஒரே மாதிரிதான் பார்க்கிறோம் என்று 2015லேயே கூகுள் சொல்லிவிட்டது.

படி 3: பெயரைத் தேர்ந்தெடுப்பது

வேலையே இங்கேதான். எக்ஸ்டென்ஷனைவிட அதற்கு முன்னால் நிற்கும் சொல் முக்கியம். இரண்டும் பொருந்துவது அதைவிட முக்கியம்.

சேலம் என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். நமக்கு மாம்பழமும் உருக்காலையும் தட்டுவடை செட்டும் நினைவுக்கு வரும். உலகத்துக்கு அப்படி இல்லை. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத் தலைநகரின் பெயர் சேலம். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1692ன் சூனியக்காரி வழக்குகளால் பெயர் பெற்ற இன்னொரு சேலம் இருக்கிறது, இன்றும் சுற்றுலாக் கூட்டம் அங்கே அலைமோதுகிறது. அதே பெயரில் ஒரு சிகரெட் பிராண்டும் உண்டு. ஆக, சேலம் என்று தொடங்கும் பெயருக்கு நீங்கள் நினைத்ததைவிடப் பெரிய வாங்கும் கூட்டம் இருக்கலாம். சேலம் டாட் டூர்ஸ் மாதிரியான பெயரை நம்மூர் டிராவல்ஸ்காரரைவிட அந்த மாசசூசெட்ஸ் ஊரின் வழிகாட்டி அதிக விலைக்குக் கேட்கக்கூடும். ஆனால் நல்ல சேர்க்கைகளை அந்த ஊர்க்காரர்களே முன்பே எடுத்திருப்பார்கள் என்பதையும், கூகுள் தேடலில் அவர்களோடு மோத வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது.

ஏற்காட்டுக்கு அந்தச் சிக்கல் இல்லை, உலகத்தில் ஒரே ஏற்காடுதான். அதற்கு வேறு சிக்கல்: வெளியூர்க்காரர் காதில் கேட்டுவிட்டு அந்தப் பெயரை ஆங்கிலத்தில் சரியாக அடிப்பது கடினம். மலையின் பெயர் இன்னும் மோசம். ஷெவராய், ஷெர்வராய், சேர்வராயன் என்று மூன்று விதமாகவும் எழுதுகிறார்கள். போனில் ஒரு முறை சொன்னால் எதிரில் இருப்பவர் பிழையில்லாமல் அடிக்க வேண்டும். இந்தச் சோதனையில் தோற்கும் பெயரை வாங்காதீர்கள்.

பிறகு, வாங்கக்கூடியவர்களை எண்ணுங்கள். ஏற்காடு டாட் ரென்டல்ஸ் என்று யோசித்தால், மலையில் இருக்கும் ஹோம்ஸ்டே, ரிசார்ட் உரிமையாளர்களில் எத்தனை பேருக்குச் சொந்தமாக வெப்சைட் இருக்கிறது? எத்தனை பேர் புக்கிங் தளங்களையும் வாட்ஸ்அப்பையும் மட்டும் வைத்து ஓட்டுகிறார்கள்? வெப்சைட்டே இல்லாதவரிடம் முகவரியை விற்க முடியாது. குறைந்தது இருபது நிஜ வாங்குபவர்களின் கடைப் பெயரை எழுத முடியாத டொமைனை நான் முதலீடு என்று சொல்ல மாட்டேன்.

உள்ளூர்ப் பெயரில் எனக்கு நம்பிக்கை தருவது வேறு வழி: நிறுத்தி வைக்காமல் பயன்படுத்துவது. ஏற்காட்டில் எந்தத் தங்கும் இடம் எப்படி, கொண்டை ஊசி வளைவுகளில் எந்த வண்டி ஏறும், கூட்டம் இல்லாத மாதம் எது என்று ஒரு சின்னத் தளம் கட்டி, அதற்கு ஆட்கள் வர ஆரம்பித்துவிட்டால் பெயரோடு தளத்தையும் சேர்த்து விற்கலாம். அப்போது எக்ஸ்டென்ஷன் எதுவாக இருந்தாலும் விலை நிற்கும். வேலை அதிகம், உண்மைதான்.

படி 4: பிறர் பெயரைத் தொடாதீர்கள்

பிரபல ஜவுளிக்கடை, பிஸ்கட் கம்பெனி, நடிகர் பெயர்களைப் புதிய எக்ஸ்டென்ஷனில் வாங்கி வைத்துவிட்டு ‘அவங்களே வந்து கேப்பாங்க’ என்று காத்திருப்பவர்கள் உண்டு. வருவார்கள், வக்கீலோடு.

1999லிருந்து நடப்பில் இருக்கும் யுடிஆர்பி என்ற டொமைன் தகராறு விதிப்படி மூன்றை நிரூபித்தால் உங்கள் பெயர் அவர்கள் கைக்குப் போய்விடும்: அது அவர்கள் டிரேட்மார்க்கைப் போலவே இருக்கிறது, உங்களுக்கு அதில் நியாயமான உரிமை இல்லை, கெட்ட நோக்கத்தோடு பதிந்து பயன்படுத்துகிறீர்கள். புதிய எக்ஸ்டென்ஷன்களுக்கு யுஆர்எஸ் என்று இன்னும் வேகமான, மலிவான வழி உண்டு; அதில் பெயர் கைமாறாது, முடக்கப்படும். டாட் இன்னுக்குத் தனியாக ஐஎன்டிஆர்பி என்ற இதே மாதிரி விதி உண்டு. இவை தவிர நம் நீதிமன்றங்களும் இருக்கின்றன. டொமைன் பெயருக்கும் டிரேட்மார்க் போன்ற பாதுகாப்பு உண்டு என்று 2004ல் சத்யம் இன்ஃபோவே வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொன்னது. வாங்கும் முன் இந்திய டிரேட்மார்க் பதிவேட்டின் பொதுத் தேடலில் அந்தச் சொல்லைப் போட்டுப் பாருங்கள், இலவசம்தான். சேலம் வெண்பட்டு, சேலம் ஜவ்வரிசி என்று புவிசார் குறியீடு பெற்ற பெயர்களையும் தள்ளி வையுங்கள்.

படி 5: பழைய வரலாறு

காலியாக இருப்பதெல்லாம் புதுப் பெயர் என்று அர்த்தமில்லை. யாரோ வைத்திருந்து விட்டதாக இருக்கலாம். பழைய வெப்சைட் பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷின் தளத்தில் போட்டால் முன்பு அங்கே என்ன இருந்தது என்று தெரியும். சூதாட்டம், போலி மருந்து என்று ஏதாவது கிடந்தால் நகர்ந்துவிடுங்கள். ஸ்பாம்ஹாஸ் தளத்தில் கறுப்புப் பட்டியலில் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

படி 6: பில் போடும் இடத்தில்

விலைப்பட்டியலில் ரெனியூவல் விலையைத் தேடிப் பிடியுங்கள். பெரும்பாலும் சின்ன எழுத்தில் இருக்கும். டிரான்ஸ்ஃபர் கட்டணத்தையும் பாருங்கள். இந்திய ரெஜிஸ்ட்ராரிடம் வாங்கினால் 18 சதவீத ஜிஎஸ்டி மேலே ஏறும். வெளிநாட்டு ரெஜிஸ்ட்ராரிடம் டாலரில் கட்டினால் கார்டு நிறுவனத்தின் அந்நியச் செலாவணிக் கட்டணம் ஏறும். ஹோஸ்டிங், மின்னஞ்சல், பாதுகாப்பு என்று கூடையில் தானாக விழுந்திருக்கும் கூடுதல் சேவைகளை எடுத்துவிடுங்கள்.

ஆட்டோ ரெனியூவலை நம்பி உட்காராதீர்கள். 2021 அக்டோபரிலிருந்து இந்திய கார்டுகளில் தானாகப் பணம் பிடிக்க ரிசர்வ் வங்கியின் விதிப்படி முன்பதிவு செய்த ஒப்புதல் வேண்டும். 15,000 ரூபாயைத் தாண்டினால் ஒவ்வொரு முறையும் ஓடிபி. வெளிநாட்டுக் கடைகள் பலவற்றில் இது சரியாக வேலை செய்வதில்லை. பணம் பிடிக்கவில்லை என்ற மின்னஞ்சலை நீங்கள் கவனிக்காமல் விட்டால் பெயர் போய்விடும். போன் காலண்டரில் காலாவதிக்கு 60 நாள் முன்பு ஒரு அலாரம் வைப்பது இதற்குப் போதும். கணக்குக்கு இரட்டை உறுதிப்பாடும், அனுமதியில்லாமல் வேறிடம் மாற்ற முடியாதபடி டொமைனுக்கு லாக்கும் கட்டாயம் போட்டுவிடுங்கள்.

படி 7: விற்பது

முதலில், பெயரை உலாவியில் அடிப்பவருக்கு ‘இது விற்பனைக்கு’ என்ற பக்கம் தெரிய வேண்டும். செடோ, ஆஃப்டர்நிக், ஆட்டம் போன்ற விற்பனைத் தளங்களில் போட்டால் அந்தப் பக்கத்தை அவர்களே தருவார்கள். கமிஷன் பெரும்பாலும் விலையில் 15 முதல் 25 சதவீதம். விலையை எழுதி வைப்பதா, பேரத்துக்கு விடுவதா என்றால், புதிய எக்ஸ்டென்ஷனுக்கு எழுதியே வையுங்கள். ஆயிரம் மாற்று வைத்திருப்பவர் விலை கேட்டு மின்னஞ்சல் போட்டுக் காத்திருக்க மாட்டார்.

உள்ளூரில் நேரில் போய் விற்கலாம். அங்கே முதல் கேள்வி எப்படி வரும் என்று முன்பே தெரிந்துகொள்ளுங்கள். ‘ஏன் தம்பி, டாட் காம்தானே எல்லாத்துக்கும் தெரியும், இதை கஸ்டமர் நம்புவாங்களா?’ என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ‘அண்ணா, கியூஆர் கோடுல ஸ்கேன் பண்றவங்க டைப் பண்ணப் போறதில்லை. கடைப் பேரு சின்னதா, முழுசா அப்படியே வரும். ஆனா மெயில் ஐடிக்கு உங்க பழைய டாட் காமையே வெச்சுக்கோங்க’ என்று உள்ளதைச் சொல்பவரிடம்தான் அடுத்த பெயரையும் வாங்குவார்கள். இரண்டாம் ஆண்டு ரெனியூவல் எவ்வளவு என்பதையும் விற்கும்போதே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

மோசடிகள் இந்தக் கட்டத்தில்தான் வரும். ‘உங்கள் பெயரைப் பெரிய விலைக்கு வாங்கத் தயார், ஆனால் இந்தத் தளத்தில் மதிப்பீட்டுச் சான்றிதழ் வாங்கி அனுப்புங்கள்’ என்று ஒரு மின்னஞ்சல் வரும். சான்றிதழுக்குக் கட்டும் பணம்தான் அவர் வருமானம். டொமைன் முதலீட்டுக் குழு என்று சொல்லி மாதாமாதம் உறுதியான வருமானம் பேசுபவர்களும் இருக்கிறார்கள். ஈமு கோழிக்குப் பணம் கட்டியவர்களைக் கொங்குப் பக்கம் எல்லோருக்கும் தெரியும். இதுவும் அந்த வாசகம்தான், கோழி மட்டும் இல்லை.

படி 8: கைமாற்றமும் பணமும்

வாங்குபவர் தெரியாதவர் என்றால் எஸ்க்ரோ இல்லாமல் செய்யாதீர்கள். பணம் மூன்றாம் ஆளிடம் வந்து நின்ற பிறகுதான் பெயரை மாற்ற வேண்டும். ஒரே ரெஜிஸ்ட்ராரில் இருவருக்கும் கணக்கு இருந்தால் சில நிமிடங்களில் உள்ளுக்குள்ளேயே தள்ளிவிடலாம். வேறு ரெஜிஸ்ட்ராருக்கு என்றால் ஆத் கோட் என்ற ரகசியக் குறியீட்டைக் கொடுக்க வேண்டும். புதிதாகப் பதிந்து 60 நாட்கள் ஆகாத பெயரைப் பொதுவாக இப்படி மாற்ற முடியாது. உள்ளூர் விற்பனைக்கு வங்கிப் பரிமாற்றமும் ஒரு பக்க ஒப்புதல் கடிதமும் போதும்.

வரும் லாபத்துக்கு வரி உண்டு. தொடர்ந்து வாங்கி விற்றால் தொழில் வருமானமா, எப்போதோ ஒன்று விற்றால் மூலதன ஆதாயமா என்பதை உங்கள் ஆடிட்டர் முடிவு செய்யட்டும். அவருக்காக வாங்கிய பில்களை எல்லாம் ஒரே ஃபோல்டரில் போட்டு வையுங்கள். வெளிநாட்டிலிருந்து பணம் வந்தால் வங்கியிடம் அதற்கான சான்றும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்த சுற்று பற்றி

2012க்குப் பிறகு முதல் முறையாக, 2026 ஏப்ரல் 30 முதல் ஆகஸ்ட் 12 வரை புதிய எக்ஸ்டென்ஷன்களுக்கு விண்ணப்பக் காலம் என ஐகேன் அறிவித்தது. கட்டணம் 2,27,000 டாலர், ஏறக்குறைய இரண்டு கோடி ரூபாய். அது நமக்கானது இல்லை. நமக்கு வருவது அதற்குப் பிந்தைய வெளியீட்டுக் காலத்தில்: முதலில் டிரேட்மார்க் வைத்திருப்பவர்களுக்கான சன்ரைஸ், பல எக்ஸ்டென்ஷன்களில் அதன் பிறகு நாளுக்கு நாள் விலை இறங்கும் முன்னுரிமைக் காலம், கடைசியில் பொது விற்பனை. முதல் நாள் பரபரப்பில் அதிக விலை கொடுத்து நிற்பதைவிட, முதல் ஆண்டு முடிந்து முதல் ரெனியூவல் வரும்வரை காத்திருங்கள். கட்டுக்கட்டாக வாங்கியவர்கள் விட்டுவிடும் பெயர்களில் சில நல்லதும் இருக்கும். அந்த எக்ஸ்டென்ஷனை நிஜத் தொழில்கள் எடுத்துக்கொண்டனவா என்பதும் அதற்குள் தெரிந்துவிடும்.

படி 9: விட்டுவிடுவது

அலாரம் அடித்ததும் ஒவ்வொரு பெயருக்கும் ஒரே கேள்வி: இது இன்று காலியாக இருந்தால், இந்த ரெனியூவல் விலை கொடுத்துப் புதிதாக வாங்குவேனா? இல்லை என்றால் விடுங்கள். இவ்வளவு கட்டிவிட்டோமே என்பது கட்டுவதற்குக் காரணமாகாது. ஓராண்டில் விலை கேட்டு ஒருவர்கூட வராத பெயர் அடுத்த ஆண்டு திடீரென்று விற்பது அபூர்வம்.

முடிவைக் காலாவதிக்கு முன்பே எடுத்துவிடுங்கள். காலாவதியான பிறகு பொதுவாகச் சில வாரம் சாதாரண ரெனியூவல் விலையில் மீட்கலாம். அப்புறம் 30 நாள் ரிடெம்ஷன் காலம். அதில் மீட்க ரெனியூவலோடு சேர்த்துக் கனமான தனிக் கட்டணமும் கேட்பார்கள். அதுவும் முடிந்தால் 5 நாளில் பெயர் பொதுச் சந்தைக்குப் போய்விடும்.

விடுவதற்கு முன் ஒன்றைச் சரிபாருங்கள். அந்தப் பெயரில் மின்னஞ்சல் முகவரி வைத்து வங்கி, ஜிஎஸ்டி, இன்ஸ்டாகிராம் என்று எங்காவது பதிந்திருந்தால் முதலில் அங்கெல்லாம் முகவரியை மாற்றிவிடுங்கள். மாற்றாமல் விட்டால், அடுத்து அந்தப் பெயரை வாங்குபவர் அதே மின்னஞ்சலை உருவாக்கி, உங்கள் கணக்குகளுக்குப் புது பாஸ்வேர்டு கேட்டுக்கொள்ள முடியும்.